குடித்தவன் நடக்கட்டும்

திருமாறனுக்கு நூற்றிருபது நாள் விதித்தார்கள்.

அவன் யார் மீதும் மோதவில்லை. கால்நடை மருந்தகத்தில் அவனோடு வேலை பார்த்தவர் ஜனவரி கடைசியில் ஓய்வு பெற்றார். அன்று மதியம் பிரியாணிக்கு முன்னால் இரண்டு கிளாஸ் குடித்தான். மூன்று மணிக்கு ஸ்கூட்டரை எடுத்தான். ஊர் எல்லையில் நின்றிருந்த போலீஸ்காரர் கருவியை நீட்டினார், ஊதினான், எண் சிவப்பாக வந்தது. நாற்பத்திரண்டு வயதில் அவன் பெயரில் பதிவான முதல் குற்றம் அது.

மறுநாள் காலை அவனுடைய இடது காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியில் ஒரு சிறிய மின்னணுச் சில்லை ஊசியால் ஏற்றினார்கள். அரசாங்கம் அதற்கு வைத்த பெயர் நீளமானது. அளவைப் பார்த்து ஜனங்கள் அதை அரிசி என்றார்கள்.

"இனிமே நீங்க எந்த வண்டியில ஏறினாலும் அந்த வண்டி நகராது சார்" என்றாள் தண்டனை அலுவலகத்துப் பெண். தினமும் நாற்பது பேரிடம் இதையே சொல்லித் தேய்ந்த குரல். "பஸ், ஆட்டோ, ரயில், உங்க சொந்த வண்டி, எல்லாத்துலயும் இதைக் கண்டுபிடிக்கிற கருவி இருக்கு. நீங்க இறங்கினாத்தான் கிளம்பும்."

"சைக்கிள்?"

"சக்கரம்னா சக்கரம்தான்."

"வீட்ல பழைய சைக்கிள் ஒண்ணு கெடக்கு. அதுல கருவி எதுவும் இல்லையே?"

"அரிசிக்கே வேகம் தெரியும் சார். மணிக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டுனா எங்களுக்குச் சொல்லிரும். ஒவ்வொரு தடவைக்கும் முப்பது நாள் கூடும்."

"அப்ப ஓடினா?"

அவள் முதல்முறையாக நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். "வேலைக்கு ஒன்பது கிலோமீட்டர்னு எழுதியிருக்கீங்க. ஓடுவீங்களா?"

அவளுக்குப் பின்னால் சுவரில் பட்டியல் தொங்கியது. சிக்னலை மீறினால் ஏழு நாள். ஒருவழிப் பாதையில் எதிரே வந்தால் பத்து. போன் பேசிக்கொண்டு ஓட்டினால் பதினைந்து. குடித்து ஓட்டினால் நூற்றிருபது. குடித்து ஓட்டி ஓர் உயிர் போனால், ஆயுள் முழுக்க. திருமாறன் அதைப் படிக்கவில்லை. அது அவனுக்கு மனப்பாடம். அந்தப் பட்டியல் சட்டமானதற்கு அவன் மனைவி இளவரசியும் ஒரு காரணம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் இளவரசியின் தம்பி பாவேந்தன் மேலப்புதூர் சாலையில் லாரி மோதி இறந்துபோனான். இருபத்துநான்கு வயது. செல்போன் கோபுரங்களில் ஏறி வேலை செய்கிறவன். கோபுரத்தின் உச்சியிலிருந்து அக்காவுக்கு போன் போட்டு, உன் வீட்டு மாடியில் துணி காயுது, மழை வருது, எடு என்பான். தாய் இறந்தபோது அவனுக்கு நான்கு வயது, அவளுக்குப் பதினாறு. அவனைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியவள் அவள்தான். லாரி ஓட்டியவன் போதையில் இருந்தான். வழக்கு விசாரணைக்கு அவள் ஒரு நாளும் போகவில்லை. அப்பாதான் போனார். ஆனால் கலெக்டர் அலுவலகத்துக்கு எதிரே பத்தொன்பது நாள் உட்கார்ந்தாள். அவளைப்போலத் தம்பியை, மகனை, கணவனைச் சாலையில் பறிகொடுத்தவர்கள் முப்பது பேர். அவள் பள்ளிக்கூட ஆசிரியை என்பதால் அட்டைகளை அவளே எழுதினாள். ஓர் அட்டையில் இருந்த வாசகம் எல்லா ஊர்களுக்கும் பரவியது: 'குடித்தவன் நடக்கட்டும்.' எட்டு மாதத்தில் சட்டம் வந்தது. அடுத்த வருடம் மாவட்டத்தில் சாலைச் சாவு பாதியாகக் குறைந்ததென்று செய்தியில் சொன்னார்கள். அன்று இளவரசி பாயசம் வைத்தாள்.

அரிசி ஏற்றிக்கொண்டு அவன் வீட்டுக்கு நடந்து வந்தபோது அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எத்தனை நாள்?"

"நூத்தி இருபது."

"ம்."

திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். அவள் திட்டவில்லை. சோறு போட்டாள். ரசம் வேண்டுமா என்று கேட்டாள். இரவு வழக்கம்போலக் கதவைத் தாழிட்டுவிட்டுப் படுத்தாள். மறுநாள் காலை அவன் ஆறு மணிக்குப் புறப்பட வேண்டும் என்பதால் ஐந்துக்கு எழுந்து டிபன் கட்டி வைத்திருந்தாள். அடுத்த நாளும் அப்படியே. அந்த வீட்டில் குரல் உயரவே இல்லை.

வீட்டிலிருந்து மேலப்புதூர் மருந்தகத்துக்கு இரண்டேகால் மணி நேரம் நடை. முதல் வாரம் கால் கொப்பளித்தது. இரண்டாம் வாரம் கொப்பளம் காய்ந்து தோல் தடித்தது. திருச்சியில் பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு இளவரசி மட்டும் போனாள். வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறாள். எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் கேட்கவில்லை. ஒரு நாள் டீக்கடை ஓரம் நின்ற வேனில் தெரியாமல் சாய்ந்துவிட்டான். வேன் கிளம்ப மறுத்தது. ஓட்டுநர் இறங்கிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "யோவ், அரிசி! தள்ளி நில்லுய்யா" என்று கத்தினார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். திருமாறன் தள்ளி நின்றான். அவமானமாக இருக்கிறதா என்று தனக்குள் தேடிப் பார்த்தான். ஒன்றும் இல்லை. டீ ஆறிப்போயிருந்தது. அதைக் குடித்துவிட்டு நடந்தான்.

அந்தச் சாலையில் இன்னொருவனும் தினமும் நடந்தான். முப்பது வயது தாண்டியவன், ஒல்லி, தலையில் ஈரத்துண்டு. மேலப்புதூருக்கு முன்னால் இருக்கும் செங்கல் சூளையில் வேலை. பத்தாம் நாளோ பதினோராம் நாளோ அவன்தான் பேச்சுக் கொடுத்தான்.

"புதுசாண்ணே?"

"ஆமா."

"எத்தனை?"

"நூத்தி இருபது."

"பரவால்ல. முடிஞ்சிரும்."

அவனுக்கு எத்தனை என்று திருமாறன் கேட்கவில்லை. அவன் பெயர் கொளஞ்சிநாதன், எல்லோரும் கொளஞ்சி என்பார்கள் என்று மட்டும் தெரிந்துகொண்டான். அந்தப் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவருக்கு இருக்கும் பெயர். அதன் பிறகு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். எந்தக் கிணற்று மேட்டில் தண்ணீர் கிடைக்கும், எந்த வீட்டு நாய் துரத்தும் என்பதெல்லாம் கொளஞ்சிக்குத் தெரியும். நாளைக்கு இரண்டு முறை, முறைக்கு இரண்டு மணி நேரம். மனைவியோடு பேசியதைவிட அவனோடுதான் திருமாறன் அந்த நாட்களில் அதிகம் பேசினான்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கொளஞ்சி பேச்சை நிறுத்திவிட்டுச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்விடுவான். நூறு அடி தாண்டியதும் திரும்பி வருவான். ஆறாவது கிலோமீட்டர் கல்லுக்குப் பக்கத்தில், புளியமரத்தடியில். திருமாறனுக்கு அந்த இடம் தெரியும். பாவேந்தனை அங்கிருந்துதான் தூக்கினார்கள்.

நாற்பத்துநான்காம் நாள் கேட்டுவிட்டான்.

"எதுக்கு இங்க மட்டும் அந்தப் பக்கம் போறே?"

"எனக்கு ஆயுசுக்கும்ணே. ஏழு வருஷம் உள்ள இருக்கியா, ஆயுசுக்கும் அரிசி வச்சுக்கிறியான்னு கோர்ட்ல கேட்டாங்க. அம்மாவுக்குக் கண்ணு தெரியாது, நான் உள்ள போயிட்டா பாத்துக்க ஆளில்ல. அரிசின்னு சொன்னேன். அஞ்சு வருஷம் கழிச்சு, செத்தவங்க வீட்ல சம்மதம்னு கையெழுத்துப் போட்டா எடுத்துருவாங்களாம். எனக்கு இன்னும் ரெண்டு வருஷம் இருக்கு. யாரு போடுவா?"

"யாரு செத்தது?"

"டவர் வேலை பாக்குற தம்பி. பாவேந்தன்."

திருமாறன் நடந்துகொண்டேயிருந்தான். பாவேந்தன் என் மைத்துனன் என்று சொல்ல வாய் வரவில்லை. நிற்கவும் தோன்றவில்லை.

"உடனே போயிட்டான்னுதான் போலீஸ்ல சொன்னேன். அது பொய்ண்ணே. அரை மணி நேரம் உசுரோட இருந்தான். நான் வண்டிக்குள்ளயே உக்காந்திருந்தேன். போன் கையில இருந்துச்சு. யாரையாச்சும் கூப்பிட்டா குடிச்சது தெரிஞ்சிரும்னு பயம். அவன் அக்கா அக்கான்னு கூப்பிட்டுக்கிட்டே கெடந்தான். அப்புறம் சத்தம் வரல. அதுக்கப்புறம்தான் போன் பண்ணேன்."

சூளை வந்தது. "வரேண்ணே" என்று சொல்லிவிட்டுக் கொளஞ்சி இறங்கிப் போனான். திருமாறன் மருந்தகத்துக்குப் போய் ஒரு கன்றுக்குக் குடற்புழு மருந்து ஊற்றினான். பதிவேட்டில் எழுதினான். சாயங்காலம் திரும்பும்போது கொளஞ்சி சாலையோரத்தில் காத்திருந்தான். இருவரும் நடந்தார்கள்.

வீட்டில் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்று முடிவெடுத்ததாகவும் நினைவில்லை. இளவரசி தட்டு வைப்பாள், இவன் சாப்பிடுவான், அந்த அரை மணி நேரம் இருவருக்கும் நடுவில் இருக்கும். அப்படியே முப்பத்தைந்து நாள் போயின.

ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி வெயில் நூற்றெட்டு டிகிரி. சூளையில் பகல் முழுக்க நெருப்புக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு வந்த கொளஞ்சி, மூன்றாவது கிலோமீட்டர் தாண்டும்போது சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தான். பிறகு கால் பின்னி விழுந்தான். உடம்பு கொதித்தது, வியர்வை இல்லை. திருமாறன் அவனை நிழலுக்கு இழுத்துப் போட்டு, பாட்டிலில் இருந்த தண்ணீரையெல்லாம் தலையிலும் மார்பிலும் ஊற்றிவிட்டு ஆம்புலன்ஸுக்கு போன் செய்தான்.

பத்து நிமிடத்தில் வண்டி வந்தது. ஓட்டுநரும் ஒரு நர்ஸும் இறங்கினார்கள். ஸ்ட்ரெச்சரில் ஏற்றி, குளூக்கோஸ் போட்டு, கதவைச் சாத்தினார்கள். வண்டி கிளம்பவில்லை.

ஓட்டுநர் கொளஞ்சியின் காதுக்குப் பின்னால் தடவிப் பார்த்தார். "ஆயுள் கேஸா?"

"ஆமா. எனக்கு நூத்தி இருபது நாள். ஆம்புலன்ஸுக்குமா தடை?"

"உங்களுக்கு இல்ல சார், உங்களை மாதிரி நூத்தி இருபது நாள்காரங்க படுத்தா ஓடும். இவங்களுக்கு ஓடாது. முதல் வருஷம் ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு. நெஞ்சு வலிக்குதுன்னு ஏறிக் கல்யாண மண்டப வாசல்ல போய் இறங்குனானுங்க. அதுல மூடிட்டாங்க. கன்ட்ரோல் ரூம்ல கேட்டிருக்கேன். மேலதிகாரி திறந்துவிட அரை மணி நேரம் ஆகும்."

"அவ்வளவு நேரம் தாங்காது" என்றாள் நர்ஸ். "அரிசி இல்லாத ஒருத்தர் பொறுப்பாளரா கைரேகை வச்சு, கூடவே வந்தா உடனே திறக்கும். நாங்க வச்சா செல்லாது. யாரையாச்சும் கூப்பிடுங்க."

திருமாறன் சாலையில் இறங்கிக் கை காட்டினான். காரில் வந்த ஒருவர் நின்று கேட்டார். பொறுப்பாளர் என்றால் தொண்ணூறு நாளைக்கு அவன் செய்யும் தவறெல்லாம் தன் தலையில் விழும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. மன்னிச்சிருங்க என்று சொல்லிவிட்டுப் போனார். பைக்கில் வந்த கணவனும் மனைவியும் நிற்கவேயில்லை.

அவன் இளவரசிக்கு போன் செய்தான். "கூட நடக்குற ஒருத்தருக்கு முடியல. மூணாவது கிலோமீட்டர். உடனே வா."

ஏழு நிமிடத்தில் வந்துவிட்டாள். ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸுக்குள் எட்டிப் பார்த்தாள். நர்ஸ் கருவியை நீட்டினாள். இளவரசி விரலை வைக்கப் போனாள்.

"இரு" என்றான் திருமாறன். "அது கொளஞ்சிநாதன்."

"எந்தக் கொளஞ்சிநாதன்?"

அவன் ஆறாவது கிலோமீட்டர் கல் இருந்த திசையைப் பார்த்தான். அவள் விரலை இழுத்துக்கொண்டாள்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"முப்பத்தஞ்சு நாளா."

"தெரிஞ்சும் கூட நடந்தீங்க."

"ஆமா."

உள்ளே கொளஞ்சியின் கால்கள் வெட்டி இழுத்தன. நர்ஸ் அவனைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, நேரமில்லக்கா" என்றாள்.

இளவரசி கணவனைப் பார்த்தாள். "உங்ககிட்ட சொல்லியிருப்பான்ல? என் தம்பி உடனே போயிட்டானா?"

"உடனே போயிட்டான். வலியே தெரிஞ்சிருக்காதுன்னு சொன்னான்" என்றான் திருமாறன்.

அவள் இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலை வைத்துவிட்டு உள்ளே ஏறினாள். வண்டி உடனே உறுமிக் கிளம்பியது.

அவளுடைய ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு போகலாமென்று கைப்பிடியைத் தொட்டான். பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டு நடந்தான்.

மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு போட்டிருந்தார்கள். அவசரப் பிரிவு வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் இளவரசி உட்கார்ந்திருந்தாள்.

"பொழைச்சுக்குவான். இன்னும் அரை மணி நேரம் போயிருந்தா மூளை போயிருக்கும்னு டாக்டர் சொன்னாரு."

அவன் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான்.

"வழியில நினைவு வந்துச்சு அவனுக்கு. நீங்க யாரு வேணும்னு நர்ஸ் கேட்டுச்சு. பாவேந்தனோட அக்கான்னு சொன்னேன். அவன் காதுல விழுந்துருச்சு." ஒரு ஸ்ட்ரெச்சர் அவர்களைத் தாண்டிப் போனது. "எல்லாத்தையும் சொல்லிட்டான்."

"ம்."

"நீங்க பொய் சொன்னீங்க."

"ஆமா."

"நிஜத்தைச் சொல்லியிருந்தா விரல் வச்சிருக்க மாட்டேன்."

"தெரியும்."

அவள் அழவில்லை. அழுவாள் என்று அவனும் எதிர்பார்க்கவில்லை. அங்கிருந்து வீடு இரண்டு கிலோமீட்டர். வாசலில் ஆட்டோ நின்றது. அவள் அதைப் பார்த்துவிட்டு அவனோடு நடந்தாள். வீட்டுக்கு வந்து மாவு கரைத்து நான்கு தோசை ஊற்றினாள். இருவரும் இரண்டிரண்டு சாப்பிட்டார்கள்.

கொளஞ்சி இரண்டு வாரம் கழித்துச் சாலைக்குத் திரும்பினான். அதன் பிறகு அவன் சேர்ந்து நடக்கவில்லை. கூப்பிடு தூரத்தில் பின்னால் வந்தான். ஒரு நாள் மட்டும் வேகமாக எட்டிப் பிடித்து, "அக்காகிட்ட சொன்னது தப்பாண்ணே?" என்று கேட்டான்.

"இல்ல."

"நீங்க அவங்க வீட்டுக்காரர்னு எனக்குத் தெரியாதுண்ணே."

"தெரியும். நட."

மே மாத நடுவில் ஒரு கடிதம் வந்தது. இளவரசி பொறுப்பாளராகக் கைரேகை வைத்ததும், இறந்தவரின் ரத்த உறவும் அவரே என்பதைக் கணினி கண்டுபிடித்திருந்தது. அப்படி நேர்ந்தால் ஐந்து வருடம் காத்திருக்கத் தேவையில்லை, இப்போதே கருத்துச் சொல்லலாம் என்றது கடிதம். கூடவே ஒரு படிவம். தண்டனையை நீக்கச் சம்மதம், சம்மதமில்லை, இரண்டு கட்டங்கள். கீழே காரணம் எழுத நான்கு வரி இடம்.

படிவம் பத்து நாள் டிவிக்குப் பக்கத்தில் கிடந்தது. திருமாறன் தினமும் அதைத் தாண்டிப் போனான். கருத்துச் சொல்லும் தகுதி தனக்கு இருக்கிறதா என்று யோசிப்பான், யோசனை பாதியில் நின்றுவிடும்.

மே மாதம் முப்பத்தொன்றாம் தேதி அவனுடைய அரிசியை எடுக்கும் நாள். பள்ளிக்கூடம் விடுமுறை. அவன் நடந்து போனான், இளவரசி ஸ்கூட்டரில் வந்து சேர்ந்தாள், கையில் உறை இருந்தது. அதே அலுவலகம், அதே பெண். காதுக்குப் பின்னால் சிறு கீறல், ஒரு பிளாஸ்திரி. முடிந்தது. இளவரசி உறையை நீட்டினாள். அந்தப் பெண் பிரித்துப் படித்தாள்.

"சம்மதமில்லைன்னு போட்டிருக்கீங்க."

"ஆமா."

"நீங்கதானே மேடம் அவரைக் காப்பாத்துனது?"

"சாகட்டும்னு நான் எழுதலையே. நடக்கட்டும்னுதான் எழுதினேன்."

"காரணத்துல அரை மணி நேரம்னு மட்டும் இருக்கு. மேல கேப்பாங்க. கொஞ்சம் விளக்கமா எழுதுறீங்களா?"

"அவ்வளவுதான்" என்றாள் இளவரசி.

அந்தப் பெண் முத்திரை குத்தினாள். "அடுத்த வாய்ப்பு அஞ்சு வருஷம் கழிச்சு."

வெளியே வந்ததும் ஸ்கூட்டர் சாவியை அவனிடம் கொடுத்தாள். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு ஸ்டார்ட் செய்தான். வண்டி கிளம்பியது. வேலைக்கு நேரமாகிவிட்டது, உன்னை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறேன் என்றான். "வேணாம். நானும் மேலப்புதூர் வரைக்கும் வரேன்" என்று பின்னால் ஏறிக்கொண்டாள்.

நான்காவது கிலோமீட்டரில் கொளஞ்சியின் முதுகு தெரிந்தது. அன்று அவனும் தாமதமாகப் புறப்பட்டிருக்க வேண்டும். திருமாறனின் கை தானாக வேகத்தைக் குறைத்தது.

"நிறுத்தாதீங்க" என்றாள் இளவரசி.

அவன் நிறுத்தவில்லை. வண்டிச் சத்தம் கேட்ட கொளஞ்சி, திரும்பிப் பார்க்காமலேயே மண்ணில் இறங்கி வழிவிட்டான். கடந்துபோனது யாரென்று அவனுக்குத் தெரிந்திருக்காது.

மருந்தகத்துக்குப் போய்ச் சேரப் பதினான்கு நிமிடம்தான் ஆனது.